யோசுவா இல்லாத புதன்கிழமைகள்

எனக்கு ஏத்தக்காய் அப்பம், அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, பிடிக்காது. எண்ணெயில் பொரித்த எதுவுமே எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு தின்றாலும் அன்று முழுக்க நெஞ்சு கரிக்கும். இருந்தும் கரமனை மண்டபம் கட்டி முடியும்வரை, புதன்கிழமை தவறாமல் கிழக்கேகோட்டையில் இறங்கி, சுடச்சுட ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனவன் நான்தான். படித்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும்போது அவர்கள் வாயில் ஏதாவது இருப்பது நல்லது. சும்மா இருந்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைக் குறித்துக்கொள்ள வேண்டாம் மேடம். அறக்கட்டளைக்காரர்கள் வக்கீலான உங்களை விசாரணைக்கு நியமித்தது ஏத்தக்காய் அப்பத்தைப் பற்றிக் கேட்க அல்ல என்று எனக்குத் தெரியும். மண்டபத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. முழுக்கக் கேட்டபிறகு, இதில் இந்த மனுஷன் செய்த தப்புதான் என்ன என்று நீங்களே கேட்பீர்கள்.

என் பெயர் நீலகண்டன், திருவனந்தபுரம் வலியசாலையில் வீடு. என் வேலைக்குப் பெயர் புராஜெக்ட் கோஆர்டினேட்டர். ஒரு கட்டடத்தை ஒரே ஆள் நின்று கட்டியதெல்லாம் அந்தக் காலம். இப்போது வரைவதற்கு ஒருவர், வரைந்தது விழாமல் நிற்கக் கணக்குப் போட ஒருவர், ஏசி, கரண்ட், தண்ணீர் பார்க்க ஒருவர், நம் ஊரில் இவர்கள் எல்லோருக்கும் மேலே வாஸ்து பார்க்க ஒருவர். இவர்களில் யாரும் மற்றவர் செய்வதை ஒரு வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. இவர்களைச் சண்டை போடாமல் ஒன்றாக வேலை செய்ய வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் ஒரு கோடு வரைந்ததில்லை, ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. புகாரில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பரவாயில்லை.

ஆர்க்கிடெக்ட் ஷில்பா கெட்டிக்காரர். தூண் என்றாலே அவருக்கு ஆகாது. கூரை தானாக அந்தரத்தில் நிற்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயர் ஞானையன் சார் நெய்யாற்றின்கரைக்காரர், அரசாங்கத்தில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். கல்யாண மண்டபத்தின் மேல் என்றைக்காவது ரயில் போகும் என்று எதிர்பார்த்தே பீம் போடுவார். ஏசியும் குழாயும் பார்க்கிற அபிலாஷுக்கு, கட்டடம் என்பது தன் குழாய்களுக்குக் குறுக்கே நிற்கிற ஒரு தொந்தரவு. வாஸ்து அச்சுதன் கையில் ஐபேடோடு வருவார். மண்டபத்தின் சுற்றளவை அவர் கோல், விரல் கணக்கில் பிடித்து வைத்திருந்தார். அந்தச் சுற்றளவுக்கு வயசு உண்டு: பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம். நாலு விரல் கூடினால் போதும், யௌவனத்தில் இருக்கிற மண்டபம் மரணத்தில் போய் விழுந்துவிடும். யாராவது ஒரு தூணைக் கொஞ்சம் தடிமனாக்கினால் அச்சுதன் ஐபேடை மூடிவைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஐந்தாவது ஆள்தான் யோசுவா. மண்டபத்தில் கச்சேரியும் நடக்கும், அதனால் சத்தம் பார்க்கவும் ஒருவர் வேண்டும் என்று அறக்கட்டளை கடைசியாகச் சேர்த்தது. பாறசாலைக்காரர், சிறிய உருவம். சென்னையில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்க ஊருக்கு வந்திருந்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒருமுறை கைதட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். எங்கள் சைட் கொட்டகைக்குள் வந்து முதல்முதலாகக் கைதட்டியபோது, கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து டீக்கடைக்காரர் ஓடிவந்துவிட்டார். 

அவர் என்னிடம், "இந்த ஒரு ஹாலு நல்லபடியா அமஞ்சா போதும் அண்ணே. எனக்க மொத ஹாலு இது. இது வாய்க்கலன்னா பெறவு திருவனந்தபுரத்துல எவரும் எனக்கு வேல தரமாட்டாவ" என்று சொன்னார். அந்த மனிதருடைய பிழைப்பு முழுவதும் அந்த ஒரு மண்டபத்தில் இருந்தது. அதை நான் ஒருபோதும் மறக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்து மீட்டிங்குகளைப் பற்றி உங்களிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லாம் ஒரு பீமில் தொடங்கியது. ஞானையன் சார் போட்ட பீம் ஆளுயரத்தில் பாதி இருந்தது. ஏசிக் குழாய் அதற்குக் கீழே போனால் கூரை தலையில் இடிக்கும். நடுவே போக வேண்டுமென்றால் பீமில் ஓட்டை போட வேண்டும்.

"எனக்க பீம்ல ஓட்ட போடணும்னா மொதல்ல எனக்க நெஞ்சுல போடுடே" என்றார் ஞானையன் சார்.

"சார், இதுக்கு இத்தன ஆழம் எதுக்கு? மேல ஆனயக் கெட்டப் போறோமா?" என்று ஷில்பா கேட்டார்.

"தூண வெளிய தள்ளிட்டா பீமுக்கு எடம் கிட்டும், அல்லே?" என்றார் அபிலாஷ்.

"தள்ளுங்கோ, தள்ளுங்கோ. சுற்று மரணத்துக்குப் போகும். கல்யாணம் நடக்கற எடம் கேட்டோ. பின்ன எங்கிட்ட வந்து ஒண்ணும் பறயப்படாது" என்று அச்சுதன் ஐபேடை மூடினார்.

இப்படியே பல புதன்கிழமைகள். ஒருவர் வந்தால் இன்னொருவர் வரமாட்டார். வந்தால் மேசையின் எதிர்ப்பக்கம் உட்காரமாட்டார். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நின்றன. அறக்கட்டளைத் தலைவர் தன் மகள் திவ்யலட்சுமியின் கல்யாணத்தை இந்த மண்டபத்தில்தான் நடத்துவது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். இரண்டு தரம் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இதற்கிடையில் ஒரு புதன்கிழமை யோசுவா வரவில்லை. பாசஞ்சர் ரயிலை எங்கேயோ நிறுத்திப் போட்டுவிட்டார்கள். மற்ற நால்வரும் வந்திருந்தார்கள், அப்பம் தீர்ந்திருந்தது, பீமை யார் முதலில் இவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று சண்டை முற்றி ஞானையன் சார் குடையைக் கையில் எடுத்துவிட்டார். மழைக்கா அபிலாஷுக்கா என்று தெரியவில்லை. அவரை உட்கார வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அது யோசுவா கேட்டதுதான்னு நெனக்கேன். பீம் பெரிசா இருந்தாத்தான் சத்தம் நிக்கும்னு சொன்னாரு."

நால்வரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஷில்பா சிரித்தார். "அந்தக் கைதட்டற ஆளா?" அபிலாஷ் ஒருமுறை கைதட்டித் தலையைச் சாய்த்துக் காட்டினார். அச்சுதன்கூடச் சிரித்துவிட்டார், அவருக்குப் பல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஞானையன் சார் குடையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அவனாருடே எனக்க பீமுக்கு அளவு சொல்ல? கொண்டா பேப்பர. ஓட்ட எங்க வேணும், சொல்லு" என்றார்.

ஏத்தக்காய் அப்பத்தின் எண்ணெய் காகிதத்தில் காய்வதற்குள் அந்த பீம் பிரச்சினை தீர்ந்தது. ஞானையன் சார் ஓட்டைக்கு இடம் கொடுத்தார், அபிலாஷ் குழாயை ஒடுக்கினார், ஷில்பா கூரையைக் கொஞ்சம் இறக்கினார், சுற்றளவு யௌவனத்திலேயே நின்றது. நான் அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், மேடம். அத்தனை சந்தோஷம். இந்தத் தொழிலில் யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை அன்று தெரிந்துகொண்டிருந்தேன். நாலு கெட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐந்தாவதாக ஒருவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால் ஒருவருக்கொருவர் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

இதற்கு யோசுவா மீட்டிங்கில் இல்லாமல் இருப்பது அவசியம் என்பது உங்களுக்கே புரியும். அவரிடம் நான் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. "புதன்கிழமை இவங்க வெறும் குழாய்க் கணக்கு பேசுவாங்க, ஒங்களுக்கு எதுக்கு அந்தத் தலவலி? நீங்க வியாழக்கிழமை வாங்க. சைட் அமைதியா இருக்கும். நிம்மதியாக் கைதட்டிப் பாக்கலாம்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். அப்புறம் வியாழக்கிழமை தவறாமல் வருவார். கூரையில்லாத மண்டபத்தில் தனியாக ஒவ்வொரு மூலையிலும் நின்று கைதட்டுவார், தலையைச் சாய்ப்பார், பென்சிலால் எதையோ குறித்துக்கொள்வார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குத் துணையாக இருப்பேன். துணைக்கு வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

அதன்பிறகு வேலை கிடுகிடுவென்று நகர்ந்தது. ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று தகராறு வந்தால், யோசுவா அதைச் சமையலறைக்குப் பக்கத்தில் கேட்கிறார் என்பேன். உடனே நால்வரும் சேர்ந்து அதைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மாடிப்படியில் சிக்கல் வந்தால், செருப்புச் சத்தம் கேட்காதபடி அதைத் திருப்பச் சொல்கிறார் என்பேன். கழிப்பறை விஷயத்தில் எனக்கே சற்று அதிகமாகப் போய்விட்டதோ என்று தோன்றியது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ராகத்தோடு சேர வேண்டும் என்று அவர் விரும்புவதாகச் சொல்லிவிட்டேன். நம்பினார்கள். சந்தோஷமாக இருப்பவர்கள் எதையும் நம்புவார்கள்.

அவர்களுக்குள் எத்தனை அன்பு வளர்ந்தது என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஞானையன் சார் தன் வீட்டுப் பலாமரத்து வரிக்கைச் சக்கையை ஷில்பாவுக்குக் கொண்டுவந்து, "மக்களே, பசை ஒட்டும், நான் வெட்டித் தாறேன்" என்று தானே எண்ணெய் தடவி வெட்டிக் கொடுப்பார். ஷில்பாவின் மகள் முதல் சோறு உண்ண அச்சுதன் நேரம் பார்த்துக் கொடுத்தார். நால்வரும் போனில் ஒரு வாட்சாப் குரூப் தொடங்கி, அதற்கு 'நிசப்தம்' என்று பெயர் வைத்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மீட்டிங்கில் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால் மற்றவர்கள் ஒரே ஒருமுறை கைதட்டித் தலையைச் சாய்ப்பார்கள். பார்த்துப் பார்த்து மேஸ்திரிகளும் பழகிக்கொண்டார்கள். வியாழக்கிழமை யோசுவா கேட்டைத் தாண்டி வரும்போது சாரத்தின் மேலிருந்து யாராவது தட்டுவார்கள். தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்து அவர் கையை உயர்த்திக் காட்டுவார்.

ஒரு கட்டத்துக்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மழையில் பேஸ்மென்ட் ஒழுகியது, யோசுவா. சிமென்ட் லாரி ஆரியநாட்டுப் பக்கம் கவிழ்ந்தது, அதுவும் யோசுவா. அபிலாஷுக்குக் காய்ச்சல் வந்தபோது, முந்தின நாள் அவருக்கு யோசுவாவிடமிருந்து போன் வந்திருந்ததை ஷில்பா நினைவுபடுத்தினார். இதில் எனக்குத் துளியும் பங்கில்லை. நல்ல குழு என்றால் அப்படித்தான், தலைவன் இல்லாமலும் தானாக ஓடும்.

அந்த வருஷம் ஒரு எஞ்சினீயரிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பல துறைகள் சேர்ந்து ஒரு கட்டடத்தை உருவாக்குவது எப்படி என்பது தலைப்பு. பிள்ளைகள் நிறைய கேள்வி கேட்டார்கள். பொறுமை, மரியாதை, ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்பது என்று சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

எலிசாள் வந்ததையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். எலிசாள் யோசுவாவின் மனைவி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய, பாசிப்பயறு உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து.

"அண்ணே, அவியகிட்ட சொல்லிப்போடாதுங்க, நான் வந்தது தெரியாது" என்றார். "அவிய ராத்திரி ஒறங்க மாட்டேங்கிறாவ. போன் போட்டா அங்க ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாவளாம். நேர்ல பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாவளாம். அவியகிட்ட ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே. திருத்திக்கிடுவாவ. நல்ல மனுஷன் அண்ணே."

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. பெரிய வேல நடக்குத எடத்துல இதெல்லாம் சகஜம்" என்றேன்.

"ஒங்களப் பத்தித்தான் எப்பளும் சொல்லுவாவ. நீலகண்டன் அண்ணன் ஒருத்தரு இல்லன்னா என்னைக்கோ விட்டுட்டு வந்திருப்பேன்னு சொல்லுவாவ. அதான் இத உருட்டினேன். ஒங்களுக்குன்னு." 

எனக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, மேடம். நான் கல் இல்லை. பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போய் அவரை ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். முந்திரிக்கொத்தும் எண்ணெய்ப் பலகாரம்தான், எனக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த புதன்கிழமை மீட்டிங்குக்குக் கொண்டுபோனேன். நால்வரும் விரலைச் சப்பிச் சாப்பிட்டார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று ஷில்பா கேட்டதற்கு, வீட்டில் செய்தது என்றேன். அதில் பொய் இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட கிழக்குச் சுவருக்கு வருகிறேன்.

மேடைக்கு நேர் எதிரே, ஜனங்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவர் அது. ஒரு வியாழக்கிழமை யோசுவா மேடையில் நின்று அதைக் காட்டினார். "அண்ணே, நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இந்த ஒரு செவரு மட்டும் போதும். இதுல கல்லு, கண்ணாடி ஒண்ணும் வழவழன்னு வரப்படாது. மரச்சட்டம் அடிச்சு உள்ள பஞ்சு வச்சிரணும். இல்லன்னா இங்கேருந்து போற சத்தம் அப்பிடியே முட்டித் திரும்பி வந்துரும். மத்ததெல்லாம் அவிய இஷ்டம்."

அவர் சொன்னது உண்மை. மாதக்கணக்கில் எத்தனையோ கோரிக்கைகளை நான் அவர் பெயரில் சொல்லியிருந்தேன். அவர் தன் வாயால் கேட்டது இது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அந்தச் சுவர்தான் பேச்சு. பளபளவென்று கறுப்புக் கிரானைட் போடலாம், மேடை விளக்கெல்லாம் அதில் தெரியும் என்றார் ஷில்பா. கிழக்கே பிரதிபலிப்பு நல்லது என்றார் அச்சுதன். அதற்குள் குழாய் ஒன்றும் வராது என்பதால் அபிலாஷுக்கும் சம்மதம். ஞானையன் சார் மட்டும் இழுத்தார். அவ்வளவு பாரம் எதற்கு, சும்மா மரத்தில் அடித்துவிட்டால் போதாதா என்றார். ஷில்பாவின் முகம் மாறியது. "சார் பின்னயும் தொடங்கிட்டாரு" என்றார். ஞானையன் சார் குடையைத் தேடினார். இத்தனை நாள் பாடுபட்டு வளர்த்த ஒற்றுமை என் கண்ணெதிரே விரிசல் விடுவதைப் பார்த்தேன். மரம் என்று அவர் வாயால் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் அது மரமாகவே முடிந்திருக்கலாம். நால்வரும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் உண்மையைச் சொன்னேன். "யோசுவாவும் மரந்தான் வேணும்னு நிக்காரு. கிரானைட் போடவே கூடாதாம்."

ஞானையன் சார் குடையை விட்டுவிட்டார். "ஓஹோ, அப்பிடியா? அப்போ கிரானைட்டே இருக்கட்டும் மக்களே. பாரத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஷில்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் யோசுவாவைப் பற்றி அந்த மேசையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

யோசுவாவிடம், சுவர் உங்கள் விருப்பப்படிதான் என்று சொல்லியிருந்தேன். வீணாக அவர் தூக்கத்தைக் கெடுப்பானேன்? ஒரு வியாழக்கிழமை அவர் வந்தபோது கிரானைட் பதித்து முடித்து மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஏறி ஒருமுறை கைதட்டினார். சுவர் திரும்பத் தட்டியது, ஒருமுறை அல்ல. அது அடங்கும்வரை தலையைச் சாய்த்தபடியே நின்றார். என்னைப் பார்த்து, "ஒங்களால முடிஞ்ச மட்டும் பாத்திருப்பிய அண்ணே" என்றார். அன்றே விலகிக்கொண்டார். களியக்காவிளையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறாராம் இப்போது. எப்படியோ சத்தம் சம்பந்தப்பட்ட தொழிலிலேயே இருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திவ்யலட்சுமியின் கல்யாணத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள் என்று சொன்னார்கள், அதனால் விரிவாகச் சொல்ல வேண்டாம். குருக்கள் மைக்கில் சொன்ன மந்திரம் சுவரில் முட்டித் திரும்பி வரும்போது அவர் அடுத்த வரிக்குப் போயிருந்தார். எந்த வரியைத் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல் மாப்பிள்ளை இரண்டையும் கலந்து சொன்னார். தவில்காரருக்குத் தன் அடியே பின்னாலிருந்து பதில் அடியாகக் கேட்டது. யாரோ இன்னொரு செட் ஆட்களைக் கொண்டுவந்து தன்னோடு மோதவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்; விட்டுக்கொடுக்கவே இல்லை. கெட்டிமேளம் பந்தி முடியும்வரை நின்றபாடில்லை. தாலி கட்டும் படத்தில் மணப்பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறார். அந்தப் படம்தான் என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

என் கவலை அதுவல்ல. அன்று பந்தியிலேயே நால்வரும் ஒருவரையொருவர் முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிரானைட்டை யார் கேட்டது என்று ஷில்பா கேட்டார். படம் வரைந்தவளைக் கேள் என்றார் ஞானையன் சார். அச்சுதன் பாயசம் வாங்காமல் எழுந்தார். யோசுவா மேல் போடலாம் என்றால் அவர் எப்போதோ போய்விட்டார். அதோடு கிரானைட் வேண்டாம் என்று சொன்னதே அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கட்டியது மண்டபம் அல்ல, அந்த நாலு பேரைத்தான். அது இடிந்து விழுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

விழவில்லை, மேடம். அந்த வாரத்துக்குள் 'நிசப்தம்' குரூப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். பிறகு உங்களுக்குப் புகார் வந்தது. நேற்று அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலு துறை, நாலு கையெழுத்து, ஒரு இடத்தில்கூட ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பீமில் ஓட்டை போடச் சொன்னது நான், கூரையை இறக்கியது நான், பேஸ்மென்ட் ஒழுகியதற்கும் நான். டீ யாருக்கு முதலில் என்பதில்கூட ஒத்துப்போகாத ஆட்கள். இப்படி ஒரு வரைபடத்தை அவர்கள் எனக்குத் தந்ததே இல்லை. அதில் பாதி பொய், உண்மைதான். ஆனாலும் மறுக்க மாட்டேன். நான் மறுத்தால் அவர்கள் மறுபடி ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் நானே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு கோஆர்டினேட்டர் தன் குழுவுக்காக இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

என்ன சொன்னீர்கள்?

யோசுவாவா? காலையில் இங்கே வந்திருந்தாரா? அந்த நால்வரும் அவரையும் தேடிப்போய்க் கேட்டு, அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாரா? "நீலகண்டன் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல, அங்க எனக்குன்னு நின்னது அவிய ஒருத்தருதான்" என்று உங்களிடம் சொன்னாரா? எத்தனை தரம் கேட்டும் அதையே சொன்னாரா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் மேடம்.

பார்த்தீர்களா, நாலு பேர் பாடுபட்டு, மனசு ஒன்றி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது இவர் ஒருவர் மட்டும் பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து வந்து குறுக்கே நிற்கிறார். இதைத்தான் நான் முதலிலிருந்தே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு ஒத்துழைக்கவே தெரியாது.